அக்காவுக்கு, சிங்கப்பூர் அங் மோ கியோவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

"உனக்கென்ன, மகனோடவே இருக்கிறாய். என் பிள்ளை நியூஜெர்சியில் அல்லவா" என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசு சரியில்லை. சின்னவனும் மருமகளும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். சாப்பிட்ட கையோடு மறுபடி லேப்டாப். பாசத்துக்குக் குறைவில்லை, நேரம்தான் இல்லை. பதினோராவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவனோ என்று காது போகும். நீ போனையே பார்த்துக்கொண்டிருப்பதும் இதுவும் ஒன்றுதானே அக்கா.

இந்த ஊர்க்காரர்களுக்கும் இதே கதைதான். பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 1995லேயே சட்டம் போட்ட நாடு இது. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகத்து மறுவிற்பனை வீடு வாங்கினால் அரசாங்கமே பண உதவி செய்கிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் மகள் நடந்து வரும் தூரத்தில்தான் இருக்கிறாள். வருவதென்னவோ ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்தப் பாட்டிதான் எனக்கு இங்கே துணை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடுவது இங்கே வழக்கம். ஈரத்துணி மாட்டிய கழி கை தாங்காமல் ஆடும், கீழே பார்த்தால் தலை சுற்றும். நான் திண்டாடியதைப் பார்த்துவிட்டு அவரே வந்தார். கழியை உள்ளே நாற்காலி மேல் கிடத்தி, துணியையெல்லாம் கிளிப் போட்டு, அப்புறம் மெல்ல வெளியே நீட்டிக் குழியில் செருகிக் காட்டினார். பேச்செல்லாம் கை ஜாடைதான். இப்போது காலையில் புளோக்குக்குக் கீழே உடற்பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டுக்கொள்கிறார்.

வெள்ளிக்கிழமை தனியாகவே ரயிலேறி, நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, வீரமாகாளியம்மனைப் பார்த்துவிட்டு, தேக்கா சந்தையில் வாழைப்பூ, வெற்றிலை வாங்கி வருகிறேன். ராத்திரி சின்னவன், "இன்னைக்கு எங்கேம்மா போனே?" என்று கேட்கிறான். முன்பெல்லாம் 'சாப்பிட்டியா'வைத் தாண்டிப் பேச்சே வராது. தனிமை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மழை பிடித்த மத்தியானங்களில் அழுகை வரத்தான் செய்கிறது.

நீயும் பிள்ளையிடம் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்காதே, அவனுக்கும் குற்ற உணர்ச்சியில் போனை எடுக்கவே தயக்கமாகிவிடும். ஞாயிறு காலை ஏழு மணி என்று பேசி வைத்துக்கொள், அவனுக்கு அது சனி ராத்திரி. மற்ற நாளெல்லாம் சாயங்காலம் எதிர்வீட்டு மதினியோடு ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் நடந்துவிட்டு வா. மன்னார்குடியில் இருந்துகொண்டு குளக்கரைப் பக்கமே போகாமல் இருக்கலாமா? போய் வந்து எனக்குச் சொல், தெப்பத்துக்குத் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று.

உன் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அன்புத் தங்கை