முதல் கறை சிவப்பாகத்தான் இருக்கும் என்றில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, இரண்டு பெண்களுக்குத் தாய். மூத்தவளுக்குப் பத்தரை வயது இருக்கும்போது ஒருநாள் குளியலறையைக் கழுவப் போனேன். கவிழ்த்து வைத்திருந்த வாளிக்கு அடியில் அவளுடைய உள்ளாடைகள் மூன்று, ஈரத்தோடு சுருட்டிக் கிடந்தன. விரித்துப் பார்த்தால் துரு நிறத்தில் கறை, தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் போகாத கறை.

"ஏண்டா அம்மாகிட்ட சொல்லல?" என்று கேட்டதும் அழுதுவிட்டாள். "எனக்கே தெரியாம டிரஸ்ல போயிடுறேன்மா. மூணு நாளா இப்படித்தான். நீ திட்டுவேன்னு பயமா இருந்துச்சு." மாதவிடாய் என்றால் ரத்தம் வரும் என்று தோழிகள் சொல்லி அவளுக்குத் தெரியும். ஆனால் ரத்தம் சிவப்பாகத்தானே இருக்கும்? இது பழுப்பு. அதனால் இது வேறு ஏதோ அசிங்கம் என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் தன்னந்தனியாகத் துவைத்திருக்கிறாள். மெதுவாக வெளியேறும் ரத்தம் காற்றுப் பட்டுப் பழுப்பாகிவிடும், முதல் முறை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. 'இன்னும் சின்னப் பிள்ளைதானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டேன். அந்த அழுகையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

முதல் மாதவிடாய் பெரும்பாலும் 12 வயதை ஒட்டி வருகிறது. 9 வயதில் வருவதும் இயல்பே. பாடப்புத்தகத்தில் அந்தப் பாடம் வருவதற்கு முன்பே பல பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. உடம்பு முன்கூட்டியே தகவல் சொல்லும், நாம்தான் கவனிக்க வேண்டும். மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் வரும். வெள்ளைப்படத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள்.

இளையவளிடம் எட்டு வயதிலேயே பேசத் தொடங்கினேன். ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. துணி மடிக்கும்போது கொஞ்சம், தலை பின்னும்போது கொஞ்சம். ஒருநாள் கேட்டாள்: "உடம்புல இருக்கிற ரத்தமெல்லாம் தீர்ந்துடாதாம்மா?" வாயால் சொன்னால் போதாது என்று பட்டது. ஒரு டம்ளரில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். "மொத்த நாளுக்கும் சேர்த்து சுமாரா இவ்வளவுதான்." டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அடியைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருந்தது. பிறகு அந்தத் தண்ணீரை ஒரு நாப்கினில் அவளையே ஊற்றச் சொன்னேன். உறிஞ்சிக்கொண்டதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். இன்னொன்றைப் பிரித்து உள்ளாடையில் ஒட்டிப் பழகினாள். முதல் தடவை பசையுள்ள பக்கத்தை மேலே வைத்தாள். அந்தத் தவறு வீட்டில் நடந்தது நல்லதாயிற்று, பள்ளிக் கழிப்பறையில் பதற்றத்தோடு நடந்திருந்தால் பாவம்.

ஒரு சின்னப் பையில் இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, சுற்றிப் போட ஒரு காகித உறை வைத்துப் புத்தகப்பையில் போட்டுவிட்டேன். இதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் வாய்விட்டுச் சொல்லப் பழக்குகிறவர்கள் குறைவு. விவரம் தெரிந்த பிள்ளைக்கும் அந்த நேரத்தில் வார்த்தை வராது. "எனக்குப் பீரியட்ஸ் வந்திடுச்சு, கொஞ்சம் வெளியே போகணும்" என்ற ஒரு வரியை என்னிடமும் அவள் அப்பாவிடமும் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வைத்தேன். முதலில் அவருக்குத்தான் கூச்சம், இரண்டாம் நாள் சரியாகிவிட்டது.

அடுத்த மாதவிடாய் ஆறு வாரம் கழித்தும் வரலாம், முதல் ஓரிரு வருடம் அப்படித்தான் என்பதையும், குறைவாகப் பட்டாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நாப்கினை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். 8 வயதுக்கு முன்பே வந்தாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தை என் வகுப்புப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். அதில் இந்த விஷயத்தை, பழுப்புக் கறை உட்பட, பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுத வேண்டுகிறேன். பையன்களும் படிக்கட்டும்.

இளையவளுக்கு வந்த அன்று நான் வெளியூரில் இருந்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடித்து வந்த பிறகுதான் எனக்குப் போன் செய்தாள். "அம்மா, வந்திடுச்சு. நீ சொன்ன மாதிரியே பழுப்புதான்."

இப்படிக்கு,
இரு பெண்களின் தாய், ஓர் ஆசிரியை