பருவ நிறைவு மடல்: முன்கூடத்து மரக் கண்ணாடி குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. விளையாட்டு, பேச்சு, ஓவியப் போட்டிகளிலும் மாணவர்கள் பரிசுகள் பெற்றிருக்கிறார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

முன்கூடத்தில் மேல்வகுப்பு மாணவர்கள் அமைத்திருக்கும் மரக் கண்ணாடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிஜிட்டல் ஊடகக் கலைஞர் டேனியல் ரோசின் 1999-இல் 830 மரத்துண்டுகளைக் கொண்டு உருவாக்கிய மரக் கண்ணாடியைப் பின்பற்றி, மிகச் சிறிய அளவில் செய்யப்பட்டது இது. எதிரே நிற்பவரைக் கேமரா பார்க்க, கணினி அவ்வுருவின் ஒளியையும் நிழலையும் பிரித்தறிந்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சாய வேண்டும் என்று அதன் பின்னுள்ள சர்வோ மோட்டாருக்கு (சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் சிறு மோட்டார்) ஆணையிடுகிறது. மேல்நோக்கிச் சாய்ந்த துண்டு விளக்கொளியை வாங்கி வெளுப்பாகவும், கீழ்நோக்கிச் சாய்ந்தது கறுத்தும் தெரிவதால், வெறும் மரத்தில் நம் முகம் எழுகிறது.

இது தொடர்பாகத்தான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வருவோர் சிலர் அத்துண்டுகளை விரலால் தள்ளிப் பார்க்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தள்ளச் சொல்வோரும் உண்டு. உங்கள் ஆர்வம் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் இச்சிறு மோட்டார்களுக்குள் இருப்பவை மெல்லிய பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். மோட்டார் தன் நிலையைப் பிடித்து நிற்கும்போது வெளியிலிருந்து திருப்பினால் பற்கள் உடைந்துவிடும்; பிறகு அது 'கிர்' என்று ஓசையிடுமே தவிர, துண்டு அசையாது. இடப்பக்கக் கீழ்மூலையில் உருவம் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம். மாணவர்கள் தங்கள் மதிய இடைவேளையை விட்டுக்கொடுத்து, பின்பலகையைக் கழற்றி, ஒவ்வொரு மோட்டாராக மாற்றிவருகிறார்கள். 'தொடாதீர்கள்' என்ற பலகையும் இருக்கிறது. அதன்மேல் பைகளை மாட்டிவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை.

இந்நிலை தொடர்ந்தால் மாலையில் முன்கூடம் பூட்டப்படும். அனைவரும் வாயிலிலேயே காத்திருக்க நேரிடும். இதில் விலக்கு எவருக்கும் இராது.

தொடாமலே இத்தகைய படைப்புகளோடு உறவாடலாம். சிற்பி எட்வர்ட் இக்னடோவிச் 1970-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் நிறுவிய 'சென்ஸ்டர்' என்னும் இயந்திரச் சிற்பம், மெல்லிய ஒலி வந்த பக்கம் தலையை நீட்டும். கூச்சலுக்கும் வேகமான அசைவுக்கும் பின்வாங்கும். நம் மாணவர்களின் கண்ணாடிக்கும் இரண்டடி தள்ளி நின்று கையசைத்தாலே போதும்.

பழைய பொம்மைகளையும் பயன்படாத அச்சுப்பொறிகளையும் பிரித்தெடுக்கக் கொடுத்து உதவிய பெற்றோர்களுக்கும், பிள்ளைகளை அருகில் நிறுத்திப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் தாத்தா பாட்டிகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. விடுமுறை இனிதாக அமையட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்