படத்தில் இருக்கும் பெண்கள் யார்?

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி பிறந்தும் மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. சின்னவள் நம்ம ஊர் அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். செங்கோட்டை நிகர் ஷாஜி படித்த அதே கல்லூரி. சூரியனை ஆராய 2023 செப்டம்பரில் கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநராக இருந்தாரே, அவர்தான். இவள் அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லாரையும் சம்மதிக்க வைத்தாள்.

இப்போது கணினி வரலாற்றில் பெண்கள் என்று கல்லூரியில் பேசப் போகிறாளாம். "ஆச்சி, நீங்களும் கூடப் படிங்க" என்று அதற்காகச் சேர்த்து வைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். படித்ததிலிருந்து வேறு நினைப்பே ஓடவில்லை. உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்?

1946 பிப்ரவரியில் அமெரிக்காவில், பிலடெல்பியாவில், எனியாக் என்ற கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். பழைய ரேடியோவில் இருந்ததே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகள் ஏறக்குறைய 18,000, ஒரு பெரிய அறை முழுக்க அது ஒன்றுதான். பீரங்கிக் குண்டு எந்தப் பாதையில் போய் விழும் என்று அன்றைக்கு அது கணக்குப் போட்டுக் காட்டியது. நிஜக் குண்டு பறந்து விழ எடுக்கும் நேரத்துக்குள்ளேயே கணக்கு முடிந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் அசந்துபோனார்கள். அந்தக் கணக்கை ஏற்றியவர்கள் ஜீன் ஜென்னிங்ஸும் பெட்டி ஸ்னைடரும். அவர்களோடு கே மெக்நல்டி, மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்று மொத்தம் ஆறு பெண்கள் அந்த இயந்திரத்தில் வேலை பார்த்தார்கள். ஏளா, இந்தப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டு வாசி. அவர்களுக்குப் படித்துக்கொள்ளக் கையேடு கிடையாது, புரோகிராம் எழுத ஒரு மொழியும் கிடையாது. வயரிங் படங்களை விரித்து வைத்துக்கொண்டு, கட்டிய பொறியாளர்களிடம் கேட்டுக் கேட்டு, எந்தக் கம்பியை எங்கே செருகினால் என்ன நடக்கும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். இயந்திரத்தை உலகத்துக்குக் காட்டிய அன்று இரவு பெரிய விருந்து நடந்தது. இவர்களை யாரும் கூப்பிடவில்லை.

நாற்பது வருஷம் போல ஆன பிறகு, கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய படங்களில் எனியாக் பக்கத்தில் நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்திருக்கிறார். படம் எடுப்பாக இருக்க நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்ததாம்! அவர் அதை நம்பாமல் தேடிப் போனதால்தான் இன்றைக்கு எனக்கும் உனக்கும் இந்த ஆறு பெயரும் தெரிகிறது. மனசு ஆறவே இல்லை கோமு.

கணக்குப் போடும் இயந்திரம் பற்றி இங்கிலாந்தில் அடா லவ்லேஸ் 1843-லேயே எழுதிய குறிப்புகள் பற்றிப் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. கிரேஸ் ஹாப்பர் உனக்குச் சொந்தம் மாதிரி. நீ சென்னையில் சம்பளப் பட்டியல் போட்டாயே, அந்தக் கோபோல் என்ற கணினி மொழிக்கு முன்னோடியாக ஃப்ளோமேட்டிக் என்ற மொழியை உருவாக்கியவர் அவர்தான்.

அப்புறம் அப்போலோ, அமெரிக்கா நிலவுக்கு ஆள் அனுப்பிய திட்டம். 1969-ல் நிலவில் இறங்கிய கலத்தின் கணினிக்கு மென்பொருள் எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன். இறங்கும் நேரத்தில் கணினிக்கு வேலை அதிகமாகி எச்சரிக்கை வந்தபோது, அது அவசரமில்லாத வேலைகளை ஒதுக்கிவிட்டு இறக்கும் வேலையை மட்டும் விடாமல் பார்த்தது. அந்த மாதிரி நடந்துகொள்ளும்படி எழுதியிருந்தார்கள். அவர் படமாவது இப்போது எல்லா இடத்திலும் வருகிறது. அவர் குழு எழுதியதை நினைவகமாக ஆக்கியவர்கள் மாசசூசெட்ஸில், வால்தம் ஊரில் இருந்த ஆலைப் பெண்கள். குட்டிக் குட்டிக் காந்த வளையங்கள். செப்புக் கம்பி வளையத்துக்குள் போனால் 1, ஒதுங்கிப் போனால் 0. இப்படி ஊசியால் கோத்துக் கோத்து முழு மென்பொருளையும் நெய்திருக்கிறார்கள். ஒரு கம்பி தப்பான வளையத்துக்குள் போனால் புரோகிராமே தப்பு. அந்தப் பெண்களில் மிகச் சிலர் பெயர்தான் வெளியே தெரியும்.

இதைப் படித்தபோது பத்தமடைப் பாய்தான் ஞாபகம் வந்தது. கோரையை நூல் மாதிரிக் கிழித்து நெய்யும் கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரெல்லாம் அழகாக விழும். நெய்தவள் பெயர் மட்டும் இருக்காது.

நிகர் ஷாஜியை ஊரே கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, அந்த விரல்களை நம்பி ரயிலேறிப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்த நம்ம ஊர்ப் பெண்களை யார் எழுதி வைத்தார்கள்? உன் ஆபீசில் டேட்டா என்ட்ரி பார்த்தவர்கள், ராத்திரி ஷிப்டில் பிழை தேடியவர்கள், உனக்குக் கோபோல் சொல்லித் தந்த அந்த அக்கா. உனக்கு இவர்கள் எல்லாரையும் தெரியும். யார் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுது. கோர்வையாக வராவிட்டாலும் பரவாயில்லை, சின்னவள் டைப் செய்து தருவாள்.

உன் பீரோவில் ஆபீஸ் குரூப் போட்டோ ஒன்று இருக்கிறதே, அதன் பின்னாலும் வரிசைப்படி பெயர் எழுதிவிடு. பென்சிலில் எழுது, பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழுந்துவிடும். தீபாவளிக்கு வரும்போது அதையும் எடுத்து வா. ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
காந்திமதி