நிறமிச் செல்லும் அது உட்கார வேண்டிய இடமும்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் உலர் வகை மேக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவு, நடுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள், கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகாதே. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். உயிரியல் நடத்தியவன் நீ, சுருக்கிச் சொன்னால் கோபித்துக்கொள்வாய்.

விழித்திரையில் ஒளியை உணரும் குச்சி, கூம்புச் செல்களுக்கு அடியில் அறுகோணக் கல் பாவிய தரைபோல ஒரே அடுக்காக நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒளியுணர் செல்கள் தினமும் உதிர்க்கும் தட்டுகளை விழுங்குவது, அவற்றுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யைப் புதுப்பித்துத் தருவது, அடியிலுள்ள ரத்தக் குழாய்களிலிருந்து சத்தை மேலே அனுப்புவது எல்லாம் இவற்றின் வேலை. மேக்குலா சிதைவில் இந்தத் தரை பழுதாகிறது; மேலே இருப்பவை பராமரிக்க ஆளில்லாமல் மடிகின்றன. ஒன்றைக் கவனி: இந்தச் செல்லுக்குத் தலை, கால் உண்டு. தலைப்பக்கம் ஒளியுணர் செல்லைப் பார்க்க வேண்டும், கால் அடியிலுள்ள ப்ரூக் சவ்வு என்ற மெல்லிய படலத்தின்மேல் ஊன்ற வேண்டும். கும்பலாகக் கிடந்தாலோ கவிழ்ந்து கிடந்தாலோ பயனில்லை.

செல்லைத் தயாரிப்பது இன்று பாதிக் கிணறுதான், அதைத் தாண்டியாகிவிட்டது. ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006-ல் எலிச் செல்லிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, முதிர்ந்த செல்லை எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் என்ற தொடக்க நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அப்படிப்பட்ட செல்லையோ ஆரம்பக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லையோ வளர்த்து, நிகோடினமைடு, ஆக்டிவின்-ஏ போன்றவற்றைக் கொடுத்து வழிநடத்தினால் சில வாரங்களில் தட்டில் பழுப்புத் திட்டுகள் தெரியும். அவற்றைப் பிரித்தெடுத்து மீண்டும் வளர்க்க வேண்டும். மாறாமல் தங்கிய ஸ்டெம் செல் கலந்திருந்தால் கண்ணுக்குள்ளேயே கட்டி வளரலாம் என்பதால் சோதனைகள் கடுமையாக இருக்கும். மரபணுவையும் பார்க்கிறார்கள். ஜப்பானின் கோபேயில் 2014-ல் முதல் நோயாளிக்கு அவருடைய சொந்தத் தோல் செல்லிலிருந்து செய்த நிறமிச் செல் படலம் வைத்தார்கள். இரண்டாமவருக்கான செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் அந்த அறுவையையே நிறுத்திவிட்டார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

உட்கார வைப்பதில்தான் தகராறு. ஒரு வழி, செல்களைத் திரவத்தில் மிதக்கவிட்டுச் செலுத்துவது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழை அகற்றி, மயிரிழைக் குழாயை விழித்திரைக்குள் நுழைத்து, அதன் அடியில் சிறு கொப்புளம் எழுப்பி, செல்களை விடுவார்கள். 2014-ல் லான்செட் இதழில் 18 நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வில் அளவு 50,000 முதல் 1,50,000 செல்கள்வரை. இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. குழாயை உருவும்போது அதே துளை வழியாகச் செல்கள் வெளியே கசிந்து, விழித்திரையின் மேல்பக்கம் ஒட்டிச் சவ்வாகிச் சுருங்கும். உள்ளே தங்கியவையும் தப்பிவிட்டன என்று சொல்ல முடியாது. வயதானவரின் ப்ரூக் சவ்வு தடித்துக் கொழுப்பேறியிருக்கும், கால் ஊன்றாத செல் செத்துவிடும்.

அதனால்தான் இன்னொரு வழி: செல்களை முன்கூட்டியே ஒரு தாங்கியின்மேல் சரியான திசையில் வளர்த்து, பாயோடு சேர்த்து வைப்பது. லண்டன் குழு 2018-ல் வெளியிட்டது 6 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பாலியெஸ்டர் தாங்கி, மேலே செல் ஒட்டிக்கொள்ள உதவும் விட்ரோநெக்டின் என்ற புரதப் பூச்சு. ஈர வகை நோய் (விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவது) திடீரென முற்றிய இருவருக்கு வைத்தார்கள். ஓராண்டில் ஒருவர் பார்வைப் பலகையில் 29 எழுத்துகளும் மற்றவர் 21 எழுத்துகளும் கூடுதலாகப் படித்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கு விழித்திரை பிரிந்து மறு அறுவை செய்ய வேண்டியிருந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுத்த பிரெட்னிசோலோன் சர்க்கரை நோயை மோசமாக்கியதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இதைச் சொல்கிறேன். கோபே நோயாளிக்குப் பார்வை கூடவுமில்லை குறையவுமில்லை. படலம் மட்டும் இடத்திலேயே நின்றது. பலர் இதைத் தோல்வி என்றார்கள், நான் அப்படி நினைக்கவில்லை.

தரை புதிதானாலும் மேலே குடியிருக்க ஆள் வேண்டும். ஒளியுணர் செல்கள் ஏற்கெனவே மடிந்த பகுதியில் நிறமிச் செல் வைத்துப் பயன் சொற்பம். ஒளியுணர் செல்லையே மாற்றலாமே என்பாய். ஒளியுணர் செல்கள் மெல்ல மடியும் பரம்பரை நோயான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவுக்கு அதைத்தான் முயல்கிறார்கள். நிறமிச் செல்லுக்கு நரம்பு இணைப்பு வேண்டாம். ஒளியுணர் செல் அடுத்த நரம்போடு கை கோத்தாக வேண்டும், அங்கேதான் முட்டுகிறது. எலிகளில் வெற்றி என்று கொண்டாடிய பல முடிவுகளை 2016-ல் திரும்பப் பார்த்தபோது, புதுச் செல் பெரும்பாலும் இணையவில்லை, அடையாளத்துக்காக அதில் வைத்த ஒளிரும் புரதத்தைப் பழைய செல்லுக்குக் கொடுத்ததால் பழைய செல்தான் ஒளிர்ந்தது என்று தெரிந்தது.

இப்போது நீ கேட்ட ஊசி. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து எடுத்த செல்களை அன்றே விட்ரியஸ் கூழில் போடுவது. செல்லும் தப்பு, இடமும் தப்பு. கொழுப்புத் திசுச் செல் அங்கே நிறமிச் செல்லாக மாறாது. தழும்புத் திசு போலச் சுருங்கி விழித்திரையைப் பிடித்து இழுக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு தனியார் மருத்துவகத்தில் இப்படிப் போட்டுக்கொண்ட மூன்று பெண்களைப் பற்றி 2017-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் எழுதியது. வயது 72 முதல் 88. மூவருக்குமே ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி. விழித்திரை பிரிதல், ரத்தக் கசிவு என்று பார்வை மிக மோசமாகப் போயிற்று.

ஆகவே யார் கூப்பிட்டாலும் கேள்: எந்த உறுப்பின் செல், அதிலிருந்து என்ன செல்லாக மாற்றினீர்கள், கண்ணில் எந்த அடுக்கில் வைப்பீர்கள்? முறையான ஆய்வில் பொதுவாக மோசமான கண்ணில்தான் தொடங்குவார்கள், மறு கண்ணை அன்றே தொடமாட்டார்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே சிகிச்சைக்குப் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடு.

இப்போதைக்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: கட்டம்போட்ட ஆம்ஸ்லர் தாளை ஒவ்வொரு கண்ணாக மூடித் தினமும் பார்க்கச் சொல். கோடு புதிதாக வளைந்து தெரிந்தால் உலர் வகை ஈரமாகிறது என்று பொருளாக இருக்கலாம். அதற்கு நல்ல ஊசி உண்டு, ஆனால் உடனே போக வேண்டும். உலர் வகையில் தரை தேய்வதைச் சற்று மெதுவாக்கும் ஊசிகள் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. போன பார்வையை அவை மீட்டுத் தராது, இதைப் பெரியம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு.

கடைசியாக எடுத்த ஓ.சி.டி. (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) படங்களை அனுப்பு, இரண்டு கண்ணுக்கும். ஒளியுணர் செல்களின் கோடு எங்கே அறுகிறது, அடியில் நிறமிப் படலம் எதுவரை மிச்சமிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

உன்,
பழைய நண்பன்