தேனீயும் கணக்குப் பார்க்கும்

ஆசிரியருக்கு,

தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்தாலே மகசூல் கூடும் என்கிறார்கள். எப்போது வைப்பது என்பதை யாரும் சொல்வதில்லை. சூரியகாந்தியில் 5 முதல் 10 சதவீதப் பூ விரிந்த பிறகே பெட்டியைக் கொண்டுபோக வேண்டும், அதுவும் இரவில். முன்கூட்டியே வைத்தால் தேனீ சும்மா இருக்காது. வரப்பில் பூத்த களைச்செடியைப் பழகிக்கொள்ளும், பழகிய பூவை லேசில் விடாது.

பூந்தேனின் இனிப்பையும் பறக்கும் தூரத்தையும் சேர்த்தே அது எடைபோடுகிறது. நல்ல இடம் கண்ட தேனீ கூட்டுக்குள் வந்து, மற்ற தேனீக்களுக்கு வழி சொல்ல, செங்குத்தான தேனடையில் வாலாட்டி ஆடும். நேர் மேலே ஓடினால், பூ இருப்பது சூரியன் இருக்கும் திசையில். வாலாட்டும் நேரம் நீண்டால் தூரம் அதிகம். (இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-ல் நோபல் பரிசு பெற்றார்.) பூந்தேன் நீர்த்திருந்தால் பெரும்பாலும் ஆடாது. பூக்கள் தள்ளித்தள்ளி இருந்தால் தேன்பை நிரம்பும் முன்பே திரும்பிவிடும். சோம்பல் அல்ல, சுமையோடு பறப்பது கூடுதல் செலவு.

இன்னொன்று: பெட்டியை அதே தோட்டத்தில் ஒரேயடியாக 100 அடி தள்ளி வைக்காதீர்கள். மேயப்போன தேனீ பழைய இடத்துக்கே வந்து வட்டமடிக்கும். நாளைக்கு ஓரிரு அடியாக நகர்த்துங்கள்.

- தேனீ வளர்ப்போர் சிலர், கோவை மாவட்டம்