தூத்துக்குடிக் கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

தூத்துக்குடி பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையை தாராவியில் எங்கள் தெருவே கைமாற்றிப் படித்தது. துறைமுகம், அனல்மின் நிலையம், புதிய கார் தொழிற்சாலை எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. ஒன்று விட்டுப்போயிற்று. 1906-ல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனிக்குக் கப்பல் தேடி வ.உ.சி. வந்தது இந்தப் பம்பாய்க்குத்தான். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிர்விடுவேன் என்று சொல்லி வந்தவர் 'காலியா' என்ற கப்பலோடு திரும்பினார். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் என்ற பஞ்சாலையின் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோதும் முன்னால் நின்றவர் அவர்.

அப்புறம் உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் உப்புக்குப் பேர்போனது எங்கள் ஊர். கட்டுரையில் அதற்கு ஒரே வரி! என் அம்மா இருபது வருஷம் உப்பளத்தில் தலைச்சுமை தூக்கினார். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியைப் பார்க்க முடியாமல் கண் கூசும் என்று விடியுமுன்பே கிளம்பிவிடுவார். கால் வெடிப்பில் உப்புநீர் பட்ட எரிச்சலோடுதான் இரவு தூங்குவார். ஐப்பசி மழை இறங்கினால் தை வரை வேலை கிடையாது. அந்த மாதங்களில் வாங்கிய கடனை அடைக்கத்தான் 1989-ல் நான் இங்கே ரயிலேறினேன்.

உப்பளப் பெண்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கண் பரிசோதனை, குடிதண்ணீர், ஒதுங்க நிழல், மழைக்கால உதவித்தொகை இதெல்லாம் கைக்குக் கிடைக்கிறதா என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை