காளைக்குத் தமிழ் எழுதிவிட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அங்கே ஜெர்மனியில் பனி என்று டிவியில் காட்டினார்கள். பேரனைக் காதை மூடித்தான் வெளியே கூட்டிப் போக வேண்டும். மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், சரி.

ஆகஸ்டில் நீ அனுப்பிய, ஃபெர்டினாண்ட் என்கிற ஸ்பெயின் காளையின் கதைப் புத்தகத்துக்கு, நீ பென்சிலில் குறித்திருந்த அர்த்தத்தை வைத்துத் தமிழ் எழுதிவிட்டேன். துண்டுச் சீட்டுகளாக வெட்டி, பக்க எண் போட்டு வைத்திருக்கிறேன். ஜெர்மன் வரிக்குக் கீழே ஒட்டு, மேலே ஒட்டி மறைத்துவிடாதே. மாப்பிள்ளையும் படிக்க வேண்டுமே.

லேசான வேலை என்று நினைத்தேன். காளைச் சண்டை மைதானத்துக்கு முதலில் வாடிவாசல் என்று போட்டேன். அலங்காநல்லூர் பக்கத்தில் இருப்பவனுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் படத்தில் ஆட்கள் ஈட்டியோடு நிற்கிறார்கள். நம் ஊரில் திமிலை அணைவார்கள், குத்திக் கொல்ல மாட்டார்கள். படம் ஒன்று, எழுத்து ஒன்று என்றால் பிள்ளை படத்தைத்தான் நம்பும். அடித்துவிட்டேன். காளை உட்காரும் மரத்தை வேம்பாக்கிவிடலாமா என்று பார்த்தேன். படம் போட்டவர் பாட்டில் தக்கைகளைக் கொத்துக் கொத்தாகக் காய்க்க விட்டிருக்கிறார்! தக்கை மரம் என்றால்தான் அவன் சிரிப்பான். சின்ன வயதில் நீ தமிழில் படித்த ரஷ்யக் கதையில் ஒருவன் அடுப்பின் மேல் ஏறித் தூங்குகிறானே, சுடாதா என்று நீ கேட்டாயே. அதைத் திண்ணை என்று மாற்றியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டாய்.

தாய்ப் பசு வரும் பக்கத்துக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. மகன் மற்ற கன்றுகளோடு சேராமல் தனியாக இருக்கிறானே என்று அது கவலைப்படுகிறது. அவனுக்கு அதுதான் பிடிக்கிறது என்று தெரிந்ததும் பேசாமல் விட்டுவிடுகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

தொப்பி மட்டும் போதாது, மப்ளரும் சுற்று. காது முக்கியம்.

மியூனிக் கோட்டைக்குள் இருக்கும் அந்தக் குழந்தைகள் நூலகத்துக்கு அவனைக் கூட்டிப் போகிறாய் என்பதில் எனக்குப் பெருமைதான். 1949-இல் அதைத் தொடங்கிய யெல்லா லெப்மான் பற்றித் தேடிப் படித்தேன். யூதர் என்பதால் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தவர். போர் முடிந்ததும் திரும்பி வந்து, அதே நாட்டுப் பிள்ளைகளுக்காகப் புத்தகம் கேட்டு 20 நாடுகளுக்கு எழுதினார். ஜெர்மன் படை இரண்டு முறை புகுந்த பெல்ஜியம் முதலில் மாட்டேன் என்றது. மறுபடி எழுதினார், அனுப்பினார்கள். 1946-இல் இதே காளைக் கதையை ஜெர்மனில் பெயர்த்து, 30,000 பிரதி அச்சிட்டு, பெர்லின் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்.

எனக்கு அந்த மனசு இல்லாமல் போயிற்று. மாஸ்கோவில் தமிழில் அச்சிட்டு வந்த அந்த ரஷ்யப் புத்தகங்களை நீ கேட்கும்போதெல்லாம் பரணில் இருக்கிறது, இறக்க ஆளில்லை என்று ஐந்து வருஷமாகச் சொல்கிறேன். பரணில் இல்லை, பாப்பா. நீ கல்யாணச் சேதி சொன்ன வாரம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். நியூ செஞ்சுரி கடையில் நீ அடம்பிடித்து வாங்கியது, அட்டையில் உன் கிறுக்கல் இருந்தது, எல்லாம் போயிற்று. அம்மா தடுத்துப் பார்த்தாள். எவ்வளவு கிடைத்தது என்றுகூட நினைவிருக்கிறது, எழுத மாட்டேன். மாஸ்கோவில் தமிழ்ப் புத்தகம் அச்சிடுவது நின்றே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தமிழ் தெரியாத பிள்ளையிடம் என்ன பேசுவது என்று அன்றைக்குப் போனில் சொன்னேனே, அது அவன் காதில் விழுந்ததா?

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு மதியம் பன்னிரண்டு என்றால் எனக்கு மாலை நாலரை. போன் பக்கத்திலேயே இருப்பேன். காளையை வண்டு கொட்டும் பக்கத்துக்குச் சீட்டு வைக்கவில்லை. அதை அவன் எனக்கு ஜெர்மனில் சொல்லட்டும்.

அப்பா